அடுகோடிப் பீங்கானுக்கு மழைப் பரீட்சை

பெங்களூர் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் இறங்கியபோது பிளாட்பாரத்தில் இருந்த எல்லோரும் எதையாவது போர்த்திக்கொண்டிருந்தார்கள். போர்ட்டர்கள் கோணிப்பையை மடித்து முக்காடு போட்டிருந்தார்கள். டிக்கெட் கலெக்டர் கழுத்தில் மப்ளர். சென்னையிலிருந்து மல் ஜிப்பாவோடு வந்தவன் நான் ஒருவன்தான். எங்கள் ஊரில் தை மாதம் என்றால் விசிறியைக் கொஞ்ச நாள் கீழே வைக்கலாம் என்று அர்த்தம். இங்கே பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது.

என்னை அனுப்பியவர் எங்கள் பத்திரிகை ஆசிரியர். "வெள்ளைக்காரன் பணமும் இல்லாமல், சர்க்கார் பணமும் இல்லாமல், ஊர்க்காரர்களே முதல் போட்டு நடத்துகிற தொழில் ஏதாவது உருப்படியாக நடக்கிறதா, பார்த்துவிட்டு வா. நடக்கவில்லை என்றால் அதையும் எழுது" என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் குளிரில் வந்தேன்.

மைசூர் சமஸ்தானத்தை வெளிநாடு என்று சொல்ல முடியாது. ஆனால் பெங்களூரில் ஒரே ஊருக்குள் இரண்டு ராஜ்யம் இருக்கிறது. கண்டோன்மெண்ட் வெள்ளைக்காரர் நிர்வாகம். அங்கே கடைத்தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ். சிட்டி மகாராஜாவுடையது, அங்கே கன்னடம். நடுவே ஒரு திறந்தவெளி. நான் ஏறிய ஜட்கா அந்த வெளியின் ஓரத்தில் நின்றுவிட்டது. "அந்தப் பக்கம் எனக்கு லைசென்ஸ் கிடையாது சாப். வேற வண்டி பார்த்துக்குங்க" என்றான் வண்டிக்காரன். அந்தப் பக்கம் எனக்கு வேலையே இல்லை, கண்டோன்மெண்டிலேயே ஒரு லாட்ஜுக்குத்தான் போக வேண்டும் என்று விளக்கிய பிறகு, வந்த வழியே திரும்பினான். திரும்பியதற்கும் தனியாக வாங்கிக்கொண்டான்.

காலைப் பலகாரம் ஓர் உடுப்பி ஹோட்டலில். இட்லி நம் இட்லியைவிடப் பெரிது, சாம்பாரில் வெல்லம். முதல் வாய்க்கு ஏதோ தவறு நடந்துவிட்டது என்று தோன்றும். மூன்றாவது வாய்க்குப் பழகிவிடும். காபி சென்னையைவிட நன்றாக இருந்தது. இதை எழுதினால் ஊரில் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் உண்மை. பக்கத்து மேஜையில் இரண்டு குமாஸ்தாக்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரிந்தவரை இது:

"வீட்டுக்கு எலெக்ட்ரிக் லைட் போட்டதிலிருந்து மாமனார் ஊருக்குப் போகமாட்டேன் என்கிறார். இருட்டினாலும் பேப்பர் படிக்கலாமாம்."

"அணைத்துவிடு."

"ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது."

மின்சாரம் இங்கே மாமனார்களுக்குப் பழகிய வஸ்து. தூரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து சமஸ்தானம் கொண்டுவந்து வெகுகாலம் ஆகிறது. சென்னையில் நான் குடியிருக்கும் சந்தில் இன்னும் அரிக்கேன் விளக்குதான். ஆனால் தெருக்கம்பங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தபோது ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் கம்பியைத் தாங்கிக்கொண்டு, கவிழ்த்த மணி மாதிரி ஒரு வெள்ளைப் பீங்கான் குமிழ் இருக்கும். கம்பியில் ஓடுகிற மின்சாரம் கம்பத்தில் இறங்கி மண்ணுக்குப் போய்விடாமல் தடுப்பது அதுதான். அத்தனை குமிழும் கப்பலில் வந்தவை. நீர்வீழ்ச்சி நம்முடையது, கம்பம் நம்முடையது, ஏறிக் கட்டுகிறவனும் நம் ஆள். கைப்பிடி அளவுப் பீங்கானுக்கு மட்டும் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது.

நான் பார்க்க வந்த இரண்டு பேர் இந்தக் குமிழைத்தான் பெங்களூரிலேயே செய்யப் பார்க்கிறார்கள்.

அன்று மத்தியானம் ஓசூர் ரோட்டில் அடுகோடிக்குப் போனேன். ராகி வயல்களுக்கு நடுவே ஒரு செங்கல் புகைபோக்கி, ஒரு கொட்டகை, மண் ஊறவைக்கும் தொட்டிகள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் சிங்காரவேலு முதலியார். கண்டோன்மெண்டை ஒட்டிய அல்சூர் பேட்டைக்காரர்; பட்டாளத்துக்குத் தானியமும் புல்லும் சப்ளை செய்து சம்பாதித்தவர். வெள்ளைத் தலைப்பாகை, மூக்குக் கண்ணாடி, நெற்றி நிறையத் திருநீறு. உள்ளே சூளை வாயில் குனிந்து நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அருளப்பர். கண்டோன்மெண்டில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் கத்தோலிக்கர்.

"ரொட்டிக்கடைக்காரருக்குப் பீங்கானில் என்ன பழக்கம்?" என்று கேட்டேன்.

"அடுப்புப் பழக்கம்தான்" என்றார் அருளப்பர். "உள்ளே வைக்கிற மாவு வேற, அவ்வளவுதான். ரொட்டி தீஞ்சா நாய்க்குப் போடலாம். இது தீஞ்சா நாயும் சீண்டாது. அதான் வித்தியாசம்."

"அதோ பாருங்க, நாய் சீண்டாததெல்லாம்" என்று முதலியார் கொட்டகையின் பின்பக்கத்தைக் காட்டினார். விரிசல் விட்டதும் கோணியதுமாகப் பீங்கான் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. "ரெண்டு வருஷம் இவர் சுட்டது. என் தலைப்பாகை ஒண்ணுதான் இன்னும் சூளைக்குப் போகலை."

"சுட்டிருக்கலாம். நல்லா வெளுத்து வந்திருக்கும்."

இருவருக்கும் இருபது வருஷப் பழக்கம். ஒரே பட்டாளத்துக்கு ஒருவர் புல்லும் மற்றவர் ரொட்டியும் கொடுத்ததில் ஆரம்பித்தது. முதலியாருக்கு யோசனை வந்தது, அருளப்பருக்கு நெருப்புத் தெரிந்தது. மீதி முதலுக்கு ஊரையே கேட்டார்கள். காபிக்கொட்டை வறுக்கிறவர், பள்ளிக்கூட வாத்தியார்கள், மர்பி டவுனில் நாலு குடும்பம் சேர்ந்து வாங்கிய ஒரே பங்கு என்று சின்னச் சின்னப் பங்குகள். பாங்கு எதுவும் இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வந்த சமயம் நல்ல சமயம் என்றும் சொல்லலாம், கெட்ட சமயம் என்றும் சொல்லலாம். திங்கட்கிழமை பரீட்சை. ஓசூர் ரோட்டுக் கிராமங்களுக்குப் புதிதாக மின்சாரக் கம்பி இழுக்கப் போகிறார்கள். அதற்கான குமிழ்களுக்கு ஒரு சீமைக் கம்பெனியும் இவர்களும் டெண்டர் கொடுத்திருக்கிறார்கள். இவர்களுடைய மாதிரி மூன்று, சர்க்கார் எஞ்சினியர் முன்னால் மின்சாரத்தைத் தாங்கிக் காட்ட வேண்டும். ஒன்று தவறினாலும் மொத்தமும் தவறியது. தவறினால் ஆர்டர் கப்பலுக்குப் போய்விடும்; அடுத்த ஆர்டர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

"அது வரைக்கும் சூளையை அவிக்க வேண்டியதுதான்" என்றார் முதலியார். "விறகு வாங்க ஒண்ணும் மிச்சமில்லை. சூளையை அவிச்சா பங்குக்காரங்க மூஞ்சியில முழிக்க முடியாது. நான் அல்சூர்ல இருந்தாகணும், இவர் கண்டோன்மெண்ட்ல இருந்தாகணும். எங்கே ஓடறது?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடியும் நேரத்தில் சூடாகப் பன் தருவதாக அருளப்பர் சொல்லியிருந்ததால் ரொட்டிக்கடைக்குப் போனேன். கரும்பழுப்பாக மேல்தோல் மின்னும் பன், உள்ளே ஆவி பறந்தது. சென்னையில் ரொட்டி என்பது காய்ச்சல்காரனுக்குப் பாலில் தோய்த்துக் கொடுக்கிற பண்டம். இங்கே திடகாத்திரமான ஆட்கள் வரிசையில் நின்று வாங்கிப் போகிறார்கள்.

இரண்டாவது பன்னை முடிப்பதற்குள் அருளப்பர் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். "பூசைக்குப் போறேன். சார் சும்மாத்தானே இருக்கீங்க, வாங்களேன்" என்றார்.

கோயில் பக்கத்தில்தான். பெரிய வெள்ளைக் கட்டடம், தமிழில் ஜெபம். பூசைக்கு முன்னால், பூசைச் சாமான்கள் வைக்கும் சக்ரீஸ்து அறையில் பிரெஞ்சுக்காரச் சுவாமியார் தீர்த்தம் மந்திரித்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் உப்பு அள்ளிப் போட்டு ஜெபம் சொல்வது அந்தச் சடங்கில் ஒரு பகுதி. அருளப்பர் பெட்டியைத் திறந்தார். வைக்கோலுக்குள் மூன்று வெள்ளைக் குமிழ்கள்.

"என்ன அருளப்பா, முட்டையா?" என்று தம் மூக்கடைத்த தமிழில் கேட்டார் சுவாமியார்.

"இன்னும் பொரிக்கலைங்க சாமி. நாளைக்குத் தெரியும்."

சுவாமியார் சிரித்துக்கொண்டே தாராளமாகத் தெளித்தார். கைகொள்ளாமல் அள்ளித் தெளித்தார் என்றே சொல்ல வேண்டும். அருளப்பர் ஒவ்வொரு குமிழையும் எடுத்து, உட்பக்கமும் படும்படி திருப்பிக் காட்டினார். பிறகு ஈரத்தோடு வைக்கோலில் வைத்து மூடினார்.

வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்தி, "முதலியார்கிட்ட இதைச் சொல்ல வேணாம் சார். கூட்டுத் தொழில் பாருங்க. நம்ம சாமிக்கு மட்டும் தனியா பண்ணிக்கினான்னு நினைச்சுக்குவாரு" என்றார். சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

அன்று பகல் அடுகோடியில் கண்டது எனக்குப் புதிது. பங்குக்காரர்கள் ஞாயிறுதோறும் குடும்பத்தோடு தொழிற்சாலைக்கு வருகிறார்கள். டிபன் காரியரைப் பிரித்து வைத்துக்கொண்டு புகைபோக்கியின் நிழலில் உட்காருகிறார்கள். வாங்கிய நிலத்தைப் பார்த்துவிட்டு வருவதுபோல ஒரு நடை. சென்னையில் மில் பங்கு வைத்திருக்கும் என் நண்பர் ஒருவர் அந்த மில் எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியமாட்டார். இங்கே காபிக்கொட்டைக்காரர் ஒரு செங்கல் விடாமல் தட்டிப் பார்த்தார்.

"இதுல என் பங்கு எது?" என்று கேட்டார் அருளப்பரிடம்.

"புகைபோக்கியில மேலேயிருந்து ஏழாவது செங்கல்."

"மேலேயா? மழையில நனையுமே."

ஒரு தூக்குப் பாத்திரத்தில் அவரைக்கொட்டை சாம்பாரும் ராகிக் களியும் எனக்கும் வந்தன. களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று மூன்று பேர் ஒரே சமயத்தில் சொன்னார்கள். மென்றேன். அவர்கள் சொன்னது சரி.

சாயங்காலம் பெட்டி முதலியார் வீட்டுக்குப் போயிற்று. பரீட்சை நடக்கும் சிட்டிக்குக் காலையில் எல்லோரும் அல்சூரிலிருந்து புறப்படுவதாக ஏற்பாடு. என்னை அங்கேயே சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். முதலியாரின் மனைவி காமாட்சி அம்மாளை அப்போதுதான் பார்த்தேன். இலையில் பரிமாறிக்கொண்டே, "பேப்பர்ல எழுதறப்போ முதலியார் கம்பெனின்னு எழுதாதீங்க. அவரைவிட எனக்கு ரெண்டு பங்கு ஜாஸ்தி" என்றாள். முதலியார் மறுக்கவில்லை.

சாப்பாடு ஆனதும் குருக்கள் வந்தார். பூஜை அறையில் மணை போட்டு, அதன்மேல் பெட்டி. முதலியார் தாமே குமிழ்களை எடுத்து வரிசையாக வைத்தார். குருக்கள் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து மூன்று விரலால் ஒவ்வொன்றுக்கும் பட்டை போட்டார். நடுவில் குங்குமம்.

"உள்ளேயும் வைங்க சாமி" என்றார் முதலியார். "கரண்டு உள்ளேதானே ஓடுது?"

"கரண்டு ஓடக் கூடாதுன்னுதானே இதைப் பண்றீங்க?" என்றாள் காமாட்சி அம்மாள் வாசற்படியிலிருந்து.

"நீ சும்மா இரு. எதுக்கும் இருக்கட்டும்."

குருக்கள் குமிழ்களைக் கவிழ்த்துப் பிடித்து உட்குழிவிலும் சுற்றிப் பூசினார். தீபாராதனை முடிந்து பெட்டியை மூடும்போது முதலியார் என்னைத் தனியே அழைத்தார். "அருளப்பர்கிட்ட சொல்லாதீங்க. அவர் மனசு சங்கடப்படும். அவங்க கோயில்ல எதுவும் பண்ணாம நான் மட்டும் பண்ணிட்டேன்னு ஆயிடும்."

அதற்கும் சரி என்றேன். பத்திரிகைக்காரனிடம் இரகசியத்தைக் கொடுக்கிறவர்கள் இந்த ஊரில் அதிகம் போலிருக்கிறது.

திங்கட்கிழமை காலை வண்டிப் பிரச்சினை. ஜட்காவில் போனால் தூக்கிப் போடும், குமிழ் விரிசல் விட்டுவிடும் என்று அருளப்பர் தம்முடைய ரொட்டி வண்டியையே கொண்டுவந்துவிட்டார். நாலு சக்கரம், நல்ல வில் ஸ்பிரிங், பின்னால் ரொட்டித் தட்டுகள். எந்தப் பக்கத்துக்கும் லைசென்ஸ் உண்டு. ஓட்டுகிறவர் பாஷா என்ற கிழவர். முதலியார் முன்னால், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அருளப்பரும் நானும் பின்னால்.

வண்டி சுகமாகத்தான் ஓடியது. ஆனால் குதிரை பழகிய குதிரை. முதல் பங்களா வாசலில் நின்றது. பாஷா அதட்டினார், நகரவில்லை. உள்ளேயிருந்து ஒரு பட்லர் கூடையோடு வந்து, "இன்னாய்யா இவ்வளவு லேட்டு?" என்றார். ரொட்டி இல்லை என்று அவருக்குப் புரியவைத்ததும், குதிரை தானாக நகர்ந்து அடுத்த பங்களாவில் நின்றது.

"தினம் ரொட்டி போடுற வாசல், ரோஜ் நிக்கிற ஜாகா சாப்" என்றார் பாஷா. "பேர் கூப்பிட்டா போவாது. கூடை வந்து திரும்பினாத்தான் போகும்."

"அருளப்பரே, உங்க கஸ்டமர் எத்தனை பேர்?" என்று முன்னாலிருந்து முதலியார் கேட்டார்.

"இந்த ரோட்லயா? ஆண்டவன் புண்ணியத்துல எல்லாரும்தான்."

கடைசியில் முதலியார் இறங்கி, தலைப்பாகையைக் கழற்றிக் கூடைபோல் ஏந்திக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் குதிரைக்கு முன்னால் போய்த் திரும்பினார். குதிரை ஏமாந்து நகர்ந்தது. பட்டாளத்துக்கே புல் போட்ட கன்ட்ராக்டர் பங்களா பங்களாவாகத் தலைப்பாகையை நீட்டிக்கொண்டு வருவதை இரண்டு துரைசானிகள் வராந்தாவிலிருந்து பார்த்தார்கள்.

சோதனைக் கொட்டகை சிட்டியில் ஒரு மின்சார நிலையத்தின் பின்புறம் இருந்தது. நாங்கள் போவதற்கு முன்பே காமாட்சி அம்மாளும் ஐந்தாறு பங்குக்காரர்களும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எஞ்சினியர் கன்னடக்காரர், நெற்றியில் நாமம், மேலே கோட்டு. அளவாகப் பேசுகிறவர். அவர் பேச்சை நான் தமிழில் தருகிறேன்.

பெட்டியைத் திறந்ததும் பட்டைகளைப் பார்த்தார். புன்னகை செய்தார். "நானும் ஆயுத பூஜை செய்கிறவன்தான். ஆனால் துடைத்துவிடுங்கள்." முதலியார் அங்கவஸ்திரத்தின் நுனியால் வெளிப்புறத்தை மெல்ல, கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோலத் துடைத்தார். அருளப்பர் பட்டைகளைப் பார்த்தார், முதலியாரைப் பார்த்தார்.

முறை எளிதானது. ஓர் இரும்புக் கம்பியில் குமிழைக் கவிழ்த்து மாட்டி, அதன் கழுத்தில் மின்சாரக் கம்பியைச் சுற்றுவார்கள். மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். சுவரில் இருக்கும் மீட்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டும் வரை குமிழ் தாங்கினால் வெற்றி. அதற்கு முன் குமிழைச் சுற்றிக்கொண்டு பொறி பாய்ந்துவிட்டால் தோல்வி. முதலில் உலர்ந்த நிலையில். பிறகு மேலேயிருந்து குழாயில் மழைபோல் தண்ணீர் தெளித்துக்கொண்டே.

உலர்ந்த பரீட்சையில் மூன்றும் தேறின. முள் ஒவ்வொரு தடவையும் கோட்டைத் தாண்டியபோது காபிக்கொட்டைக்காரர் "ஆயித்து, ஆயித்து" என்று கன்னடத்தில் முடித்துவைத்தார்.

மழை ஆரம்பித்தது. முதல் குமிழ். முள் மெதுவாக ஏறியது. பாதி தூரம்கூட வரவில்லை. குமிழின் அடியில் ஏதோ சீறியது. நீலமாக ஒரு பாம்பு நெளிந்தது. பட்டென்ற சத்தம். எஞ்சினியர் சுவிட்சை அணைத்தார். தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

முதலியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

எஞ்சினியர் கையைத் துடைத்துக்கொண்டு விதியைச் சொன்னார். ஒன்று தவறியதால் மொத்தமும் தவறியது. ஆனால் மாதிரியில் பீங்கானைச் சேராத வேறு குறை இருந்ததென்று செய்தவர்களே சொல்லி, அதை அவர் எழுதி, அவர்கள் கையெழுத்துப் போட்டால், இன்றைக்கே இன்னொரு தடவை பார்க்கலாம். "எனக்குத் தோன்றுவதை நான் எழுத முடியாது. நீங்கள் சொல்ல வேண்டும். காரணம் இருக்கிறதா?"

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. காய்ந்திருக்கும் வரை உப்பு சும்மா இருக்கும், நனைந்தால் அதில் மின்சாரம் ஓடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். குழைத்த சாம்பலும் அப்படித்தான். ஆனால் இரண்டு பேரிடமும் வாய் திறப்பதில்லை என்று சொல்லியிருந்தேன்; தவிர, பார்க்க வந்தவன் பரீட்சைக்குள் புகக் கூடாது.

முதலியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருளப்பர்தான் எழுந்தார்.

"உப்புங்க. நேத்துக் காலையில கோயில்ல தீர்த்தம் தெளிச்சேன். அதுல உப்பு இருக்கும்."

முதலியார் சட்டென்று திரும்பினார். "சும்மா இருங்க அருளப்பரே. எனக்காக நீங்க பழி ஏத்துக்க வேணாம்" என்றவர் எஞ்சினியரிடம், "திருநீறு, ஸ்வாமி. ராத்திரி நான்தான் வைச்சேன். உள்ளே இன்னும் இருக்கு, துடைக்கலை."

"உங்களுக்காக இல்லீங்க. நிஜமாவே உப்பு."

"நீங்க எப்போ தெளிச்சீங்க? பெட்டி எங்க வீட்டுல இருந்துது."

"அதுக்கு முன்னாடி எங்கிட்ட இருந்துச்சே! வேணும்னா சாரைக் கேளுங்க, கூடவே இருந்தார்."

"இவரா? இவர் எங்க வீட்டுப் பூஜையிலதானே இருந்தார்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பெஞ்சும் பார்த்தது. "ரெண்டும் வாஸ்தவம்தான்" என்றேன். அந்த இரண்டு நாளில் பரீட்சை சம்பந்தமாக நான் சொன்ன ஒரே வாக்கியம் அது.

"பேஷ்" என்றாள் காமாட்சி அம்மாள்.

எஞ்சினியர் சிரிக்காமல் இருக்க முயன்றார்; முடிந்தது. இங்கிலீஷில் இரண்டு வரி எழுதி, கன்னடத்தில் படித்துக் காட்டினார். குமிழ்களின் மேல் அழுக்குப் படிந்திருந்தது. அதனால்தான் முதல் குமிழ் மழையில் தவறியது. இது செய்தவர்கள் ஒப்புக்கொண்டது.

"அழுக்கா?" என்றார் முதலியார்.

"அழுக்கு."

"திருநீறு ஸ்வாமி. அழுக்குன்னு எழுதி நான் கையெழுத்துப் போடறதா?"

"தீர்த்தத்தையும் அப்படி எழுதக் கூடாதுங்க" என்றார் அருளப்பர். இதில் இருவரும் உடனே ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

"திருநீறு என்றும் தீர்த்தம் என்றும் நான் எழுதினால், மேலதிகாரி அந்த இரண்டும் குற்றவாளி என்று படிப்பார். அது உங்களுக்குப் பரவாயில்லையா?"

அது அதைவிட மோசம். முதலியார் பேனாவை வாங்கினார், கீழே வைத்தார். ஓசூர் ரோட்டின் கம்பங்கள் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டு நின்றன. கம்பெனியைக் காப்பாற்ற வேண்டுமானால் தம் கையாலேயே அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தால் சூளையை அவித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார் போலத்தான் இருந்தது.

காமாட்சி அம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். கணவரின் மூக்கிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். "தினம் காலையில திருநீறு இட்டுக்கிறப்போ இதுல சிந்துது. நான் புடவைத் தலைப்பால துடைக்கிறேன். ஒரு நாளாவது வேணாம்னீங்களா? நெத்தியில இருந்தா திருநீறு. கண்ணாடியில இருந்தா கண்ணு தெரியலை." துடைத்து மறுபடி மாட்டிவிட்டாள். "எங்க வைக்கணுமோ அங்க வைக்கலை நீங்க. அதுக்குச் சாமி என்ன பண்ணுவார்? போடுங்க கையெழுத்தை. போடலைன்னா என்கிட்ட கொடுங்க, பங்கு எனக்குத்தான் ஜாஸ்தி."

முதலியார் போட்டார். அருளப்பர் அவருக்குக் கீழே போட்டார்.

மூன்று குமிழையும் கழுவ வாளியில் தண்ணீர் வந்தது. அருளப்பர் திருநீற்றைத் தேய்க்கத் தயங்கினார், "நான் தொடலாமுங்களா?" என்று கேட்டார். முதலியார், "உங்க தீர்த்தத்தையும் நான்தானே கழுவறேன்" என்றார். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற இருவருக்கும் மனம் வரவில்லை. கால் படாத இடமாகத் தேடி, ஆளுக்கொரு பக்கம் வாளியைப் பிடித்துக்கொண்டு போய், கொட்டகைக்குப் பின்னால் ஒரு மரத்தின் அடியில் ஊற்றினார்கள். அங்கே சகதி ஆகும் என்று பியூன் சத்தம் போட்டான். ரொட்டி வண்டியிலிருந்து தோய்த்து உலர்த்திய வெள்ளைத் துணியைப் பாஷா எடுத்துவந்தார். அதில் துடைத்து வெயிலில் வைத்தார்கள். குளிர்கால வெயில், காயும் வரை காத்திருந்தோம். ஒருவர் டிபன் காரியரைத் திறந்தார். ஒருவரும் சாப்பிடவில்லை.

மறுபடி மழை. முதல் குமிழில் முள் ஏறியது, பாதியைக் கடந்தது, சீறல் இல்லை. சிவப்புக் கோட்டைத் தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது. மூன்றாவது தாண்டியதும் எஞ்சினியர் கையை சுவிட்சுக்குக் கொண்டுபோனார்.

"இருங்க ஸ்வாமி" என்றார் அருளப்பர். "எவ்வளவு தாங்கும்னு பார்க்கலாமா? ரெண்டு வருஷமா சுடறேன். எனக்குத் தெரிஞ்சாகணும்."

"பேடா, பேடா" என்று வேண்டாமென முதலியார் கன்னடத்தில் கெஞ்சினார்.

எஞ்சினியர் காமாட்சி அம்மாளைப் பார்த்தார். அவள் சரியென்று தலையை அசைத்தாள். முள் மேலே போயிற்று. சிவப்புக் கோடு வெகு தூரம் பின்னால் நின்றுவிட்டது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது, வெள்ளைக் குமிழ் எதுவும் நடக்காததுபோல நனைந்துகொண்டு நின்றது. கடைசியில், முள்ளுக்கு இனிமேல் போக இடம் அதிகம் இல்லை என்ற நிலையில், கொட்டகை முழுவதும் நீலமாகி இடி விழுந்தாற்போல் ஒரு சத்தம். பங்குக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். தங்கள் சரக்கு தோற்றதற்குக் கை தட்டுகிற முதலாளிகளை நான் அதுவரை பார்த்ததில்லை.

எஞ்சினியர் தேறியது என்று எழுதி மை ஒற்றினார். முதலியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு காகிதத்தின்மேல் குனிந்தார்.

"கடைசியில எது வரைக்கும் ஏறிச்சோ, அதையும் எழுதுங்க ஸ்வாமி."

"அதற்கு இதில் இடம் கிடையாது, முதலியாரே."

முதலியார் விரலை வைத்துக் காட்டினார். "ஏன் இல்லை? அழுக்குன்னு எழுதினீங்களே, அதுக்குக் கீழே."

எஞ்சினியர் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, பேனாவை மறுபடி மையில் தோய்த்தார்.